வியாழக்கிழமை நாலு மணி, தாமோதர் ரூம்

மீட்டிங் இன்வைட்டைச் சரிபண்றதெல்லாம் ஒரு வேலையான்னு கேட்கிறவங்க, கல்யாணப் பத்திரிகையில போட்டிருந்த மண்டபத்துக்குப் பட்டுப்புடவை கட்டிட்டுப் போய், பூட்டின கேட்டுக்கு முன்னாடி நின்னு பார்த்திருக்க மாட்டாங்க.

எனக்கு அதான் வேலை. கொல்கத்தா செக்டர் ஃபைவ்ல ஒரு கம்பெனியில ஹெல்ப்டெஸ்க். சொந்த ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா துறைமுக வேலைக்கு வந்து இங்கேயே தங்கிட்டதால நான் வளர்ந்தது, கல்யாணம் பண்ணிக்கிட்டது, குடித்தனம் நடத்துறது எல்லாம் டாக்குரியாவுலதான். வீட்டுல நெல்லைத் தமிழ், வாசலைத் தாண்டினா வங்காளம், ஆபீஸ்ல எல்லாம் கலந்த அவியல். பேரு கோமதி. இங்கே அக்காவை 'தி'ன்னும் அண்ணனை 'தா'ன்னும் பேரோட ஒட்டிக் கூப்பிடுவாங்க. அதனால நான் கோமதிதி. கூப்பிடறவங்களுக்கு விக்கல் வந்திருச்சோன்னு தோணும், பழகிப் போச்சு.

நீங்களும் ஏதோ ஒரு ஆபீஸ்ல குப்பை கொட்டறவங்கன்னா என் பொழப்பு உங்களுக்குப் புரியும். எல்லாருக்கும் காலையில இருக்கிற மீட்டிங் உங்களுக்கு மட்டும் சாயங்காலம்னு காட்டியிருக்கும். ரத்துன்னு வந்த மீட்டிங்ல பத்து பேர் உட்கார்ந்து உங்களைத் தேடியிருப்பாங்க. அப்ப ஃபோனை எடுத்து ஒருத்தியை வறுத்து எடுப்பீங்களே, அந்த ஒருத்தி நான்தான். திட்டு வாங்கி வாங்கித் தோலு தடிச்சுப் போச்சு. ஆனா தாமோதர் ரூம் விஷயத்தை நினைச்சா மட்டும் இன்னும் முதுகுல சில்லுங்குது. ஒரு நல்ல பொம்பளையோட வேலை அதுல போக இருந்தது.

வர்றேன்னு சொன்ன ரூம்

எங்க ஆபீஸ்ல மீட்டிங் ரூமுக்கெல்லாம் ஆத்துப் பேரு. கங்கா, தீஸ்தா, ரூப்நாராயண், தாமோதர். மாடியைத் திருத்திக் கட்டினப்போ தாமோதரைத் தூக்கிட்டாங்க. கதவு இருந்த இடத்துல ப்ளைவுட் அடிச்சு வெள்ளைப் பெயின்ட் பூசிட்டாங்க. இப்ப அங்கே ரூம் இருந்ததுன்னு புதுசா வர்றவங்ககிட்ட சொன்னா நம்ப மாட்டாங்க. ஆனா பாருங்க, ரூமுக்கும் ஒரு மெயில் முகவரி உண்டு. அந்த நேரத்துல வேற யாரும் கேட்டிருக்கலைன்னா, அழைப்பு வந்ததும் அதுவே "சம்மதம்"னு பதில் போட்டுடும். ரூமை இடிச்ச புண்ணியவான்கள் அந்த முகவரியை இடிக்க மறந்துட்டாங்க.

ஒரு வியாழக்கிழமை, மழை பிடிச்சுக்கிட்ட சாயங்காலம், அக்கவுன்ட்ஸ் ரஜத் ஃபோன் பண்ணினான். மேலே போனா அவனும் அவன் கூட இன்னும் ரெண்டு பேரும் அந்த வெள்ளைச் சுவருக்கு முன்னாடி லேப்டாப்பைக் கட்டிப் பிடிச்சிக்கிட்டு நிக்கறாங்க. இன்வைட்டை வாங்கிப் பார்த்தேன். அனுப்பினது சான்யால்தா, எங்க பர்ச்சேஸ் ஹெட். நேரம் நாலு மணி. இடம் தாமோதர். எதைப் பத்தின மீட்டிங்னு போட வேண்டிய இடம் வெத்தா இருந்தது. கீழே ரூம் சம்மதம் சொன்ன பதில்.

எனக்குச் சிரிப்பு அடக்க முடியலை. விளையாட்டுக்குச் சுவரைத் தட்டப் போனேன். கை வெச்சதும் எடுத்துட்டேன். ஐஸ் மாதிரி இருந்தது. உள்ளே பழைய ஏ.சி. குழாயை அடைக்காம விட்டிருக்காங்கன்னு மெயின்டனன்ஸ் ஆள் பின்னாடி சொன்னார். அது பின்னாடி. அந்த நிமிஷம் எனக்குச் சிரிப்பு நின்னு போச்சு. ரஜத் என் மூஞ்சியையே பார்த்துக்கிட்டு இருந்துட்டு மெதுவாச் சொன்னான்: "ரூம் வர்றேன்னு சொல்லியிருக்கு, சான்யால்தா வர்றேன்னு சொல்லியிருக்காரு. அப்ப உள்ளே யாராவது உட்கார்ந்துதானே இருக்கணும் கோமதிதி?"

நாற்காலி

சான்யால்தாவைப் பத்திச் சொல்லணும். ரிட்டயர்மென்ட் நெருங்கிக்கிட்டிருக்கிற மனுஷன். பொண்டாட்டி போய்ச் சேர்ந்துட்டாங்க, பொண்ணு பெங்களூர்ல. ஜாதவ்பூர்ல தனியா இருக்கார். இஸ்திரி மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, வெயிலா இருந்தாலும் கையில குடை. எந்த டெண்டர் எந்த வருஷம் யாருக்குப் போச்சுன்னு ஃபைலைத் திறக்காமச் சொல்வார். நான் பிள்ளை பெத்துட்டு வேலைக்குத் திரும்பி வந்தப்போ என்னை வேற ஊருக்குத் தூக்கி அடிக்கப் பார்த்தாங்க. "அந்தப் பொண்ணை நகர்த்தினா என் கம்ப்யூட்டரையும் நகர்த்துங்க"ன்னு ஒரே வரியில அதை நிறுத்தினவர் அவர். எனக்கு அவர் மேல மரியாதை மட்டும் இல்லை, பாசமும் உண்டு.

மறுநாள் காலையில அவர் ரூமுக்குப் போனப்போ கதவைச் சாத்தச் சொன்னார். அந்த இன்வைட்டைத் தான் அனுப்பவே இல்லைன்னார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். பேசிக்கிட்டிருக்கும்போதே அவரோட செகரட்டரி சுதபாதி டீ கொண்டு வந்து வெச்சாங்க. சுதபாதி அம்பதைத் தாண்டினவங்க, நெத்தியில பெரிய சிவப்புப் பொட்டு, கையில சங்கு வளையல், பேச்சு கம்மி. டீயை வெச்சுட்டு ஒரு நொடி அதிகமா அங்கேயே நின்னாங்க. அப்ப அது எனக்கு உறைக்கலை.

வழக்கமா இதுக்கெல்லாம் காரணம் வீட்டுல தூங்கற ஏதாவது பழைய டேப்லெட்டாத்தான் இருக்கும். யாராவது அதை எடுத்து நோண்டியிருப்பாங்க. அவர்கிட்டயும் ஒண்ணு இருந்தது, அதைக் கழட்டி விட்டேன். பாஸ்வேர்டை மாத்தினேன். மாத்தின கையோட அவர் அதை சுதபாதிகிட்ட சத்தமாச் சொல்ல, அவங்க ஒரு துண்டுப் பேப்பர்ல எழுதி டீ கப் வைக்கிற தட்டுக்கு அடியில வெச்சாங்க. நீங்களும் உங்க பாஸ்வேர்டை அப்படித்தான் வெச்சிருப்பீங்க, எனக்குத் தெரியும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கிட்டேன்.

அடுத்த வியாழக்கிழமை நாலு மணி. அதே தாமோதர், அதே வெத்துத் தலைப்பு. திரும்ப ஓடினேன். சான்யால்தா கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுக்கிட்டே இருந்தார். அப்புறம் தன் நாற்காலியைத் திரும்பிப் பார்த்துட்டு, "நான் எழுந்து போனதும் இதுல யாரோ வந்து உட்கார்றாங்கம்மா" அப்படின்னார்.

போனவங்களுக்கு அழைப்பு

எங்க ஆபீஸ்ல ஒரு பழக்கம். வந்த இன்வைட்டுக்கு யாரும் "வரலை"ன்னு பட்டன் அமுக்க மாட்டாங்க. வங்காளிங்க வீட்டை விட்டுக் கிளம்பும்போதே "போறேன்"னு சொல்ல மாட்டாங்க, "ஆஷ்ச்சி", அதாவது வர்றேன்னுதான் சொல்வாங்க. நாம மட்டும் என்ன, "போயிட்டு வரேன்"னுதானே சொல்றோம். வாயால சொல்லாததை விரலால மட்டும் எப்படிச் சொல்றது? அதனால எல்லா மீட்டிங்குக்கும் எல்லாரும் சம்மதம். வர்றது பாதிப் பேர். இது எனக்கு நல்லாத் தெரியும். அதனால அந்த இன்வைட்டுக்கு யார் யார் சம்மதம் சொன்னாங்கன்னு நான் பார்க்கவே இல்லை. மூணாவது தடவை வந்தப்போதான் பார்த்தேன்.

அழைப்பு போனது ரஜத்துக்கே இல்லை. போஸ், தத்தா, காசிம்னு மூணு பேருக்கு. மூணு பேரும் எப்பவோ ரிட்டயர் ஆனவங்க, ஹவுராவுல எங்க பழைய ஒர்க்‌ஷாப் இருந்த காலத்துல சான்யால்தாவோட ஒண்ணா வேலை பார்த்தவங்க. இங்கே மாறி வந்த பிறகும் நாலு பேரும் தினமும் நாலு மணிக்கு தாமோதர் ரூம்ல கூடி, மசாலாப் பொரியும் டீயுமா அரட்டை அடிப்பாங்களாம். ரிட்டயர் ஆனவங்க முகவரிக்கு வர்ற மெயிலை ஒரு பொதுப்பெட்டிக்குத் திருப்பி விட்டிருக்கோம். அதை சுதபாதி பார்ப்பாங்க, கொஞ்ச நாளா அக்கவுன்ட்ஸ் பசங்களும் பார்க்கறாங்க. அப்படித்தான் பசங்க சுவருக்கு முன்னாடி போய் நின்னாங்க.

அது விளங்கினதும் அப்பாடான்னு இருந்தது. சரி, சம்மதம் யார் சொன்னாங்கன்னு பார்த்தா, போஸ், தத்தா, காசிம் மூணு பேர் பேர்லயும் பதில் வந்திருக்கு. காசிம் சாஹேப் காலமாகி ரொம்ப நாள் ஆச்சு, எங்க ஆபீஸ்லேர்ந்து மாலை போயிருக்கு. ரஜத்தைப் பிடிச்சுக் கேட்டேன். அவன் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, "பெட்டியில வந்ததுக்கெல்லாம் நான்தான் தீதி சம்மதம் அமுக்கறேன், செத்தவரா இருந்தாலும் கூப்பிட்டவங்களுக்கு வரலைன்னு எப்படிச் சொல்றது?" அப்படின்னான்.

ரிப்போர்ட்டுல ஒரு பேரு

விஷயம் ஆபீஸ் முழுக்கப் பரவிடுச்சு. வியாழக்கிழமை இங்கே லக்ஷ்மி நாள், வீட்டுக்கு வீடு பூஜை. அந்த நாளாப் பார்த்து இடிச்ச ரூமுலேர்ந்து அழைப்பு வருதுன்னா சும்மாவா? சாயங்காலம் அந்தப் பக்கமா பாத்ரூமுக்குப் போகவே ஆளுங்க ஜோடி தேடினாங்க. வீட்டுல சொன்னப்போ எங்க வீட்டுக்காரர், "ஏட்டி, சுவருக்கு ஒரு எலுமிச்சம்பழம் கட்டிட்டு வா, கம்ப்ளைன்ட் டிக்கெட்டை மூடிரலாம்"ன்னு கேலி பண்ணினார். நான் சிரிக்கலைன்னதும் அவரும் தட்டைப் பார்த்துச் சாப்பிட ஆரம்பிச்சுட்டார்.

என் பாஸ் அரிந்தம் பேயையெல்லாம் நம்பற ஆள் இல்லை. அவர் சுதபாதியைக் கை காட்டினார். "வியாழக்கிழமை பூஜைக்குன்னு அவங்க மூணு மணிக்கே கிளம்பிடறாங்க. அவங்க கிளம்பினதும் இது வருது. பாஸ்வேர்டு அவங்க கையில. ஒரு நாள் கூட லீவு போடாத செகரட்டரியைப் பார்த்திருக்கீங்களா? எதையோ மறைக்கறவங்கதான் அப்படி உட்கார்ந்து காவல் காப்பாங்க." செகரட்டரி தன் கணக்குலேர்ந்து முதலாளிக்காக அனுப்பினா 'இன்னார் சார்பாக'ன்னு ஒரு வரி ஒட்டிக்கிட்டு வருமே, இதுல அது இல்லையேன்னேன். பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க அவர் கணக்குக்குள்ளேயே நுழைஞ்சு அனுப்பலாமேன்னு ஒரே போடாப் போட்டார். வெள்ளிக்கிழமை காலையில ரிப்போர்ட் வேணும், அதுல ஒரு பேரு இருக்கணும். பேரு சுதபாதின்னா அன்னைக்கே வேலையை விட்டு அனுப்பிடுவாங்க.

சுதபாதி வீட்டுக்காரர் படுத்த படுக்கை. இனி வேற இடத்துல வேலை கிடைக்கிற வயசும் அவங்களுக்கு இல்லை. எனக்கு மனசு கேட்கலை. மாடிப்படியில மடக்கி, உண்மையைச் சொல்லுங்க, நான் இருக்கேன்னேன். போஸ், தத்தா எல்லாரும் நீங்க வர்றதுக்கு முன்னாடியே இருந்தவங்க, அவங்களை உங்களுக்கு அவ்வளவாத் தெரியக்கூடத் தெரியாதேன்னேன். அவங்க படியில ரெண்டு எட்டு இறங்கினாங்க. அப்புறம் திரும்பி, அழாம, கோபப்படாமச் சொன்னாங்க: "பேரு எழுதித்தான் ஆகணும்னா என் பேரையே எழுது கோமதி. வேற எந்தப் பேரையும் எழுதிடாதே."

கையே வைக்கலை

செய்யாத தப்புக்கு ஒருத்தி ஏன் தன் பேரைக் கொடுக்கணும்? ரெண்டு நாள் அதே யோசனை. சோத்துல உப்பு போட்டேனா இல்லையான்னே தெரியலை.

வியாழக்கிழமை வந்தது. மறுநாள் ரிப்போர்ட். மூணு மணிக்கு சுதபாதி பையை எடுத்துக்கிட்டு என் சீட்டைத் தாண்டிப் போனாங்க, என்னைப் பார்க்கலை. கொஞ்ச நேரம் கழிச்சு சான்யால்தாவைக் கூப்பிட்டேன். உங்க ஸ்கிரீனை என் சீட்டுலேர்ந்தே பார்த்துக்கிட்டு இருக்கேன், அந்த ஆள் வந்தா கையும் களவுமாப் பிடிச்சிடலாம், நீங்க ஃபோனை வைக்காம பேசிக்கிட்டே இருங்கன்னேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். அனுமதி கொடுத்தார். அவர் ஸ்கிரீன் என் ஸ்கிரீன்ல தெரிஞ்சது, அவர் குரல் என் காதுல.

மழை, மார்க்கெட், ஹில்சா மீன் விக்கிற விலைன்னு பேசிக்கிட்டே போனார். இந்த வருஷம் மீன்ல ருசியே இல்லைன்னார். அப்ப ஸ்கிரீன்ல மவுஸ் அம்புக்குறி நகர்ந்தது. காலண்டர் திறந்தது. புது மீட்டிங். போஸ் பேரோட முதல் எழுத்து விழுந்ததும் அந்தப் பழைய முகவரி தானா வந்து நின்னது. அப்புறம் தத்தா. அப்புறம் காசிம். இடம் தாமோதர். நாலு மணி. அவசரமே இல்லை. தினமும் செஞ்சு பழகின கை செய்யற மாதிரி இருந்தது. காதுல அவர் மீன் குழம்புக்குக் கடுகு அரைக்கிற பக்குவம் சொல்லிக்கிட்டு இருக்கார். கீபோர்டு தட்டற சத்தம் அதே ஃபோன்ல, அவர் குரலுக்குக் கீழேயே கேட்டது.

அனுப்பியாச்சு. ரூம் சம்மதம் சொல்லிடுச்சு. அவர் பேச்சு நின்னது. அப்புறம் அவர் குரல், சின்னப் பிள்ளை பயந்த மாதிரி: "பார்த்தியாம்மா? இப்பதான் போச்சு. நான் கையே வைக்கலை."

சுவருக்கு முன்னாடி

என்ன பதில் சொன்னேன், எப்ப ஃபோனை வெச்சேன்னு ஞாபகம் இல்லை. சுதபாதிக்கு ஃபோன் போட்டு, பார்த்துட்டேன், வாங்கன்னு மட்டும் சொன்னேன். அவங்க எதைப் பார்த்தேன்னு கேட்கலை. நாலு மணிக்கு மாடி ஏறினேன்.

சான்யால்தா சுவருக்கு முன்னாடி நின்னுக்கிட்டிருந்தார். குடையைக் கையில மாட்டிக்கிட்டு, உள்ளங்கையை அந்த ஜில்லுனு இருக்கிற வெள்ளைப் பெயின்ட் மேல வெச்சு, காதைச் சாய்ச்சு எதையோ கேட்டுக்கிட்டு இருந்தார். காலடிச் சத்தத்துக்குத் திரும்பினார். முகம் அவ்வளவு தெளிவா இருந்தது. இத்தனை வாரத்துல அவரை அவ்வளவு சந்தோஷமா நான் பார்க்கலை. "ஏன்மா லேட்டு? மத்தவங்க எல்லாம் உள்ளே போயிட்டாங்க" அப்படின்னார். நானும் ஒரு நொடி காதைத் தீட்டிக்கிட்டுக் கேட்டேன், சத்தியமாச் சொல்றேன். அப்புறம் அவர் கையைப் பிடிச்சேன். சுவர்லேர்ந்து எடுத்த கை என் கையில சில்லுன்னு இருந்தது.

அவரைக் கீழே கூட்டிட்டு வந்து உட்கார வெச்சோம். 'வெச்சோம்'னு சொல்றேன், ஏன்னா அதுக்குள்ள சுதபாதி வந்துட்டாங்க. பூஜையைப் பாதியில விட்டுட்டு, நனைஞ்ச புடவையோட, கையில தேங்காய் உருண்டைப் பிரசாதத்தோட வந்து நின்னாங்க. எல்லாத்தையும் சொன்னாங்க. இது ஆரம்பிச்சு ஒரு வருஷம் ஆகுதாம். அழைப்பு பொதுப்பெட்டியில விழுந்ததும், பசங்க கண்ணுல படறதுக்குள்ள அழிச்சிடுவாங்களாம். அவர் கையெழுத்துக்குப் போற ஒவ்வொரு ஃபைலையும் தான் ஒரு தடவை படிச்சுப் பார்த்துட்டுத்தான் அனுப்புவாங்களாம். லீவு போடாததுக்கும் அதுதான் காரணம். அப்ப வியாழக்கிழமை மட்டும் ஏன்னு முட்டாள் மாதிரி கேட்டேன். ஒரு உருண்டையை என் கையில வெச்சுட்டுச் சொன்னாங்க: "தினமும்தான் போகுது கோமதி. வியாழக்கிழமைதான் பிடிக்க ஆள் இல்லை."

எனக்கு ஒரு இன்வைட்

நாங்க பேசினது எல்லாம் அவர் காதுல விழுந்திருக்கு. அந்த நேரம் அவர் தெளிவா இருந்தார். நாளைக்கு சுதபாவுக்கு என்ன ஆகும்னு கேட்டார். மறைக்கப் பார்த்தேன், முடியலை, சொன்னேன். ரொம்ப நேரம் குடையோட கைப்பிடியைத் தடவிக்கிட்டே இருந்தார். சுதபாதி, வேண்டாம் தாதா, வேண்டாம்னு சொல்லிக்கிட்டே இருந்தாங்க. "நாளைக்குக் காலையில அரிந்தம் ரூமுக்கு நானே போய்ச் சொல்லணும்"னார். "ஆனா காலையில எனக்கு இது ஞாபகம் இருக்குமோ என்னவோ. ஒண்ணு பண்ணு. எனக்கு ஒரு இன்வைட் அனுப்பு. நான் சொல்றதை அப்படியே அதுல எழுதிடு." அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். அவர் எதிர்லயே அனுப்பினேன். அவரே சம்மதம் அமுக்கினார்.

மறுநாள் அரிந்தம் ரூம்ல நானும் சுதபாதியும் உட்கார்ந்திருக்கோம். நேரம் தாண்டிடுச்சு. ரிப்போர்ட் எங்கேன்னு அரிந்தம் கேட்கறார். என் மடியில இருந்த பேப்பர்ல பேரு எழுத வேண்டிய இடம் காலியா இருக்கு. சுதபாதி என் பேனாவையே பார்த்துக்கிட்டு இருக்காங்க. அவர் வரலைன்னா யார் பேரை எழுதப் போறேன்னு எனக்கே தெரியலை. யார் பேரை எழுதினாலும் அது பாவம்தான்.

கதவு திறந்தது. இஸ்திரி மடிப்பு, குடை, கையில ஃபோன். ஆனா உள்ளே வந்தவர் முகம் நேத்துப் பார்த்த முகம் இல்லை. "யார் இதை எனக்கு அனுப்பினது? நான் எதுக்கு இங்கே வரணும்?"னு கேட்டார். முந்தின நாள் சாயங்காலத்தோட ஞாபகம் அவர்கிட்ட ஒரு துளிகூட மிச்சம் இல்லை. நான் எழுந்து, உள்ளே எழுதியிருக்கு, படிங்க தாதான்னேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கிட்டு நின்னவாக்குல படிச்சார். முதல்ல மனசுக்குள்ள. அப்புறம் திரும்ப முதல்லேர்ந்து, வாய்விட்டு. அந்த அழைப்புகளை அனுப்பறது நான்தான், அனுப்பினது எனக்கு ஞாபகம் இருக்கறதில்லை, சுதபா ஒரு வருஷமா என் மானத்தைக் காப்பாத்திக்கிட்டு இருக்கா, தண்டனை கொடுக்கணும்னா அதுக்கு என்கிட்ட வாங்க, டாக்டரைப் பார்க்க நான் தயார். அவ்வளவுதான் எழுதியிருந்தது.

அரிந்தம் எழுந்து நின்னுட்டார். சுதபாதி முந்தானையால வாயைப் பொத்திக்கிட்டாங்க. சான்யால்தா ஃபோனை மேஜை மேல வெச்சார். சுதபாதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அரிந்தம் பக்கம் திரும்பினார்: "இதை எழுதினது யாருன்னு எனக்குத் தெரியலை. ஆனா எழுதியிருக்கிறது உண்மைன்னு தெரியுது."

அதுக்கப்புறம் பெங்களூர்லேர்ந்து பொண்ணு வந்தது. அவர் மரியாதையா லீவுல போனார். சுதபாதிக்கு வேற செக்‌ஷன், அதே வேலை. தாமோதரோட முகவரியை நான் என் கையாலேயே மூடினேன். டாக்குரியாவுக்கு அடுத்த ஸ்டேஷன்தான் ஜாதவ்பூர். சுதபாதி பூஜையில இருக்கிற வியாழக்கிழமை சாயங்காலம் நான் சீக்கிரம் கிளம்பி, பொரி வாங்கிக்கிட்டு சான்யால்தா வீட்டுக்குப் போறேன். சில நாள் என்னைத் தெரியும், சில நாள் காசிம்னு கூப்பிடுவார். அதுக்காகவே என் காலண்டர்ல வியாழன் நாலு மணியை அடைச்சு வெச்சிருக்கேன். அந்த நேரத்துல யார் மீட்டிங் போட்டாலும் "வர இயலாது"ன்னு சாஃப்ட்வேரே எனக்குப் பதிலா சொல்லிடுது, என் விரலுக்கு இத்தனை வருஷமா வராத தைரியம் அந்த மெஷினுக்காவது இருக்கட்டும்னு நானும் அதைச் சரிபண்ணாமலே விட்டுட்டேன்.